ஒரே பெயரில் இரண்டு காக்கர்: ஸ்பானியல் வாங்குவதற்கு முன்

கேள்வி: லண்டன் ஹாரோவில் சின்னத் தோட்டம் உள்ள வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 6 வயது, 9 வயது. நான் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். கணவர் தினமும் வெளியே போய்விடுவார். நாய் வளர்த்த அனுபவம் கிடையாது. காக்கர், ஸ்பிரிங்கர், கவாலியர் என்ற ஸ்பானியல் நாய் வகைகளில் எது எங்களுக்குச் சரிப்படும்? ஒரு பண்ணையில் வொர்க்கிங் காக்கர் குட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: பண்ணைக் குட்டி வேண்டாம். அது நல்ல நாய்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கான நாய் இல்லை.

பிரிட்டனில் காக்கர் என்று ஒரே பெயரில் பதிவானாலும், நடைமுறையில் இரண்டு வம்சங்கள் இருக்கின்றன. ஒன்று கண்காட்சிக்காக வளர்க்கப்பட்டது. மற்றது முட்புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்புவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்னதுதான் வொர்க்கிங் காக்கர். ஒரு மணி நேரம் நடத்திவிட்டு வந்தால் அதற்கு அப்போதுதான் உடம்பு சூடேறியிருக்கும். நீங்கள் வேலை கொடுக்காவிட்டால் தானே ஒன்றைத் தேடிக்கொள்ளும்: தோட்டத்தைத் தோண்டும், சோஃபாவைக் கடிக்கும், சுவரில் விழும் நிழலைத் துரத்தும்.

வளர்ந்த நாயில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கண்காட்சி வம்சத்துக்குத் தலை உருண்டு, காது நீளமாகக் கீழே இறங்கி, காலிலும் வயிற்றிலும் முடி அடர்ந்திருக்கும். வொர்க்கிங் வம்சத்துக்குத் தலை தட்டை, காது சற்று மேலே, முடியும் குறைவு. குட்டியில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால் பெடிகிரி தாளை, அதாவது வம்சாவளிப் பட்டியலைக் கேளுங்கள். மூதாதையர் பெயர்களுக்கு முன்னால் 'எஃப்டிசிஹெச்' என்று நிறைய இருந்தால் அவை வேட்டைக் களப்போட்டிச் சாம்பியன்கள். வாலையும் பாருங்கள். இங்கிலாந்தில் 2007 முதல் நாய் வாலை வெட்டத் தடை. வேலைக்குப் போகும் நாய்களுக்கு மட்டும், பிறந்த ஐந்து நாளுக்குள், கால்நடை மருத்துவர் வெட்டலாம். ஆக, குட்டை வால் குட்டி என்றால் அது பெரும்பாலும் வேட்டைக்களத்துக்காகப் பிறந்தது.

ஸ்பிரிங்கர் தோள்வரை சுமார் 51 செ.மீ. உயரம், எடை 20 கிலோவுக்கு மேல். பிள்ளைகளிடம் அருமையாகப் பழகும். ஆனால் தினம் இரண்டு மணி நேரமாவது ஓட வேண்டும், சேற்றோடுதான் வீடு திரும்பும். உங்கள் 6 வயதுப் பிள்ளையால் அதன் கயிற்றைப் பிடித்து நிற்க முடியாது. சிவப்பும் வெள்ளையுமான வெல்ஷ் ஸ்பிரிங்கர் கொஞ்சம் சிறியது, புதியவர்களிடம் கூச்சப்படும். கிளம்பர் என்ற இன்னொரு ஸ்பானியல் 30 கிலோ அளவு, அமைதியானது, எச்சில் வடிக்கும். அமெரிக்கன் காக்கருக்கு முடி பராமரிப்பே தனி வேலை.

சுபாவத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்குக் கவாலியரைத்தான் சொல்வேன். 5.5 முதல் 8 கிலோ, மடியை விட்டு இறங்காது, யாரையும் வெறுக்காது. ஆனால் இதயத்தின் மைட்ரல் வால்வு தடித்து ரத்தம் பின்னோக்கிக் கசியும் நோய், பத்து வயதைத் தொடும் கவாலியர்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்துவிடுகிறது. மண்டையோடு மூளைக்குப் போதாமல் முதுகுத்தண்டில் நீர் கோக்கும் நோயும் உண்டு. நடக்கும்போது கழுத்துப் பக்கமாகக் காற்றில் சொறிந்துகொள்ளும் கவாலியரைப் பார்த்தால் அந்த வலிதானோ என்று சந்தேகப்பட வேண்டும். நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023-ல் அங்கே இந்த இனத்தை இனப்பெருக்கம் செய்யத் தடையை உறுதிசெய்தது இதனால்தான். வாங்கியே தீர்வது என்றால், தாய் தகப்பன் இரண்டும் இரண்டரை வயது தாண்டி இதயப் பரிசோதனையில் தேறியிருக்க வேண்டும். அவற்றின் பெற்றோருக்கும் ஐந்து வயதில் இதயம் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். மண்டையோட்டு நோய்க்கான எம்ஆர்ஐ ஸ்கேன் அறிக்கையும் கேளுங்கள். காட்டத் தயங்கும் ப்ரீடரிடமிருந்து (குட்டி வளர்த்து விற்பவரிடமிருந்து) வெறுங்கையோடு திரும்பி வாருங்கள், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஆகவே என் பரிந்துரை கண்காட்சி வம்சக் காக்கர். எடை 13 முதல் 14.5 கிலோ. தினம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை, அன்றாடம் முடி சீவல். பிஆர்ஏ என்ற கண் நோய்க்கும், எஃப்என் என்ற சிறுநீரக நோய்க்கும் டிஎன்ஏ பரிசோதனை உண்டு. ஒவ்வொன்றிலும் பெற்றோரில் ஒன்றாவது 'க்ளியர்' (அந்த நோய்க்கான மரபணு இல்லை) என்றிருந்தால் குட்டிக்கு அந்த நோய் வராது.

காதுதான் இதன் பலவீனம். வாரம் ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடையோ பழுப்பு அழுக்கோ இருந்தால், தலையை உதறிக்கொண்டே இருந்தால், மருத்துவரிடம் போய்விடுங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புல்விதை பெரிய தொல்லை. கூர்முனையோடு விரலிடுக்கில் நுழைந்தால் முன்னால்தான் போகும், பின்னால் வராது. நடந்துவிட்டு வந்ததும் ஒவ்வொரு விரலையும் விரித்துப் பாருங்கள்.

காக்கர்களில் சில, வாயில் எடுத்ததை விடாமல் உறுமும். பிள்ளைகள் பறிக்கக் கூடாது. தின்பண்டத்தைக் காட்டி மாற்றிக்கொள்ள நீங்கள் பழக்குங்கள். அப்புறம், பாயசத்துத் திராட்சையும் சாம்பார் வெங்காயமும் நாய்க்கு விஷம். பாட்டி தாத்தா வந்து தங்கினால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

2020 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. தாயோடு சேர்த்துக் குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வாரம் முடிந்து, தோலுக்கடியில் அடையாள மைக்ரோசிப் போட்ட பிறகே எடுங்கள்.

நீங்கள் வீட்டில் இல்லாத இரண்டு நாள்தான் எனக்குக் கவலை. வளர்ந்த நாயையே நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக் கூடாது. குட்டியை அவ்வளவு நேரமும் கூடாது. அந்த நாள்களுக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் ப்ரீடருக்குப் போன் செய்யுங்கள்.