எண்ணூரில் இவ்வளவு புகை வருகிறதே, பூமி சூடானதற்கு நாம்தான் காரணமா?

அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு சட்டென்று கலைந்துபோகாது, தாத்தா வைத்த மளிகைக் கடை பாக்கி மாதிரி. 1856இல் ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியபோதே பிரிட்டன் தலைமுறைகளாக நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கார்பனில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்கு மேல்தான் இருக்கிறது.

1750 முதல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளிவந்ததில் அமெரிக்கா மட்டும் சுமார் கால் பங்கு. சீனா ஏறக்குறைய 15 சதவீதம். இந்தியா 4 சதவீதத்துக்கும் கீழே. சரி, காடழிப்பையும் வயல், மாடுகளிலிருந்து வரும் மீத்தேனையும் சேர்த்தால் நம் பங்கு கொஞ்சம் கூடும்.

மாடிக் கொடியில் காயும் துணியில் படிகிற சாம்பல்? அது உள்ளூர்க் கணக்கு, அமெரிக்காவைக் கேட்க முடியாது.