பால் சொட்டுற நேரம்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம் எனக்கு ரப்பர் வெட்டுதான், மரப்பட்டைய சீவி பால் எடுக்குறதுதான் தொழில், 36 வருஷம். கால் முட்டு தேஞ்சு போச்சு, எட்டு மாசமா வெட்டுக்கு போவல. மவன் திருவனந்தபுரத்துல, மவ கல்ஃப்ல. மூணரை மணிக்கே முழிப்பு வந்துரும், திண்ணையில சும்மா இருக்கேன். நான் வெட்டுன மரத்த எல்லாம் முறிச்சு லாரில ஏத்தியாச்சு. இனி எனக்குன்னு என்ன மிச்சம்?

பதில்: அண்ணாச்சி, மொதல்ல அந்த "சும்மா" பத்தி பேசுவோம். வெயில் ஏறுனா பால் குறைஞ்சுரும்னு தலையில லைட்ட மாட்டிட்டு இருட்டுலயே ஓடி ஓடி வெட்டுவீங்க, சரி, வெட்டி முடிச்ச பொறவு? சிரட்டையில பால் சொட்டி நிக்க ரெண்டு மூணு மணிக்கூர் ஆவும்லா, அப்ப ஒரு கட்டன் சாயாவ குடிச்சிட்டு கல்லு மேல உக்காந்துதானே இருந்தீங்க, அத யாராவது சும்மா இருக்கான்னு சொன்னாங்களா? தை மாசி இலையுதிர்வுல கத்திய எறவானத்துல சொருகிட்டு மரத்த விட்டுருவீங்க. மரத்துக்கு குடுத்த லீவு ஒங்களுக்கு மட்டும் ஏன் கசக்குது?

மிச்சம் என்னன்னு கேட்டதுக்கு ஆறுதலுக்காக பொய் சொல்ல மாட்டேன். ரப்பர் மரம் முப்பது வருஷம் போல நிக்கும், பொறவு முறிக்கத்தான் செய்வாங்க. ஆனா ஒங்க தொழிலோட சூட்சுமமே வெட்டுனதுல இல்ல, வெட்டாம விட்டதுலதான இருக்கு. உள்ள இருக்க தடிக்கு மேல ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு பட்டைய விட்டு வெட்டணும், கத்தி அதையும் தாண்டுனா மரம் காயப்பட்டு முண்டும் முடிச்சுமா ஆயிரும், அந்த எடத்துல மறுபடி கத்தி ஓடாது. நல்ல கை வெட்டுன எடத்துல ஏழெட்டு வருஷத்துல புதுப்பட்டை வழவழன்னு ஏறும், பொறவு வேற எவனோ ஒருத்தன் இருட்டுல வந்து அதுல வெட்டுவான், முன்ன வெட்டுனது நீங்கன்னு அவனுக்கு தெரியாது, ஆனா கத்தி சுகமா போவும். எத்தன தோட்டத்துல எத்தன பேருக்கு அப்படி போயிருக்கும்!

சிதறால் மலைக்கு ஏறச் சொல்லலாம்னு நெனச்சேன், முட்டு ஞாபகம் வந்துச்சு, வேண்டாம். அங்க பாறையில ஒம்பதாம் நூற்றாண்டுல செதுக்குன சமண தீர்த்தங்கரர்கள் இருக்காங்க, சமணப்பள்ளி பகவதி கோயிலாச்சு, கீழ ஊர்ல திருவிதாங்கூர் ஆட்சி போயி, 1956 நவம்பர் 1-ல அப்ப மெட்ராஸ் மாநிலம்னு இருந்த தமிழ்நாடு வந்துச்சு, அவங்க மட்டும் கண்ண மூடுனபடியே இருக்காங்க. முட்டு சரியானா பாத்துக்கலாம்.

சரி, இப்ப செய்ய வேண்டியது. அந்த மூணரை மணிக்கு செல்ஃபோன தொடாதீங்க, வெளிச்சம் வார வரைக்கும் திண்ணையிலயே இருங்க, பால் சொட்டுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாலும் சரிதான். சோறும் உறக்கமும் ரெண்டு வாரத்துக்கு மேல பிடிக்கலன்னா மட்டும் டாக்டர பாத்துருங்க, அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. பொறவு, வெட்டுக்கு ஆள் கெடைக்கலன்னு ஒங்க ஊர்ல பொலம்பாத மொதலாளி உண்டா? பக்கத்து தோட்டத்துல ஒரு நாற்காலிய போடச் சொல்லி உக்காருங்க, புதுசா வந்த பையன் வெட்டுறத பாத்துட்டே இருங்க. மொத மரத்துல ஆழமா எறக்கிருவான். ஏசிராதீங்க, என்ன.