மறுபடி நாய் கடித்தால் இரண்டு ஊசி போதுமா?

2 வருடத்துக்கு முன் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியை முழு கோர்ஸ் முடித்தவருக்கு, நேற்று மறுபடி கடித்ததற்கு இரண்டே ஊசி, காயத்தில் போடும் சீரம் மருந்தும் இல்லை என்கிறார் மருத்துவர், நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக நம்பலாம். இன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று.

முதல் தடவை உங்கள் உடம்புக்கு ரேபிஸ் வைரஸ் புதுசு. அதைப் பிடிக்கத் தெரிந்த பி செல்கள் (எதிர்ப்பு சக்தி தரும் ஒரு வகை வெள்ளணுக்கள்) மிகச் சிலவே இருந்திருக்கும். அவை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களின் உதவியோடு பெருகி, வைரஸை முடக்கும் புரதமான ஆன்டிபாடியைப் போதுமான அளவு சுரக்க 7 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் வைரஸ் நரம்பில் ஏறிவிடக் கூடாதே! அதனால்தான் தயார்நிலை ஆன்டிபாடியான அந்தச் சீரத்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்தினார்கள். அது சில வாரங்களில் அழிந்துவிடும். தடுப்பூசி உருவாக்கிய நினைவு செல்களோ பல வருடம் தங்கும். இப்போது போடும் பூஸ்டர் ஊசி பட்டதும் சில நாட்களிலேயே ஆன்டிபாடி மளமளவென்று ஏறிவிடும். அதனால்தான் இந்தத் தடவை சீரம் வேண்டாம்.

"ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருக்கே" என்று அந்த இரண்டு ஊசியையும் தவிர்த்துவிடாதீர்கள், ப்ளீஸ். காயத்தை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவில்லையென்றால் இப்போதே கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். பழைய ஊசிச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஆதாரம் இல்லையென்றால் சீரம் உட்பட எல்லாம் முதலிலிருந்து போடுவார்கள். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை அல்லது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போது இந்த இரண்டு ஊசிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.