இரும்பு அச்சின் சுவரைத் தடிப்பாக்கினால் அலுமினிய வார்ப்பு விரைவாக இறுகுமா?

ஓரளவுக்கு மேல் பயனில்லை. காசைக் கரைத்துக் கற்ற பாடம் இது.

கல்முனைப் பக்கம் சிறிய பட்டறை ஒன்றில் அரிசி ஆலைகளுக்கு பெல்ட் கப்பி வார்த்துக்கொண்டிருந்தோம். மண் அச்சிலிருந்து இரும்பு அச்சுக்கு மாறியபோது, தடித்த சுவர் அதிக வெப்பத்தைக் குடிக்கும் என்று நம்பி இரண்டு மடங்கு தடிப்பில் புதிதாக ஒன்று செய்வித்தேன். கப்பி இறுகிய நேரம் ஏறக்குறைய பழையபடியே இருந்தது. "இரும்பு என்ன விலை விற்கிறது தெரியுமா, தம்பி?" என்று மட்டும் முதலாளி கேட்டார்.

மட்டக்களப்பு எருமைத் தயிர்ச் சட்டியை இரண்டாம் நாள் திறந்து பாருங்கள். தயிர் ஓரத்தை விட்டு விலகி நிற்கும், இடையில் தண்ணீர் ஊறியிருக்கும். வார்ப்பும் அப்படித்தான். ஊற்றியவுடன் உலோகம் அச்சை ஒட்டிக் கிடக்கும். வெப்பம் மளமளவென்று இறங்கும். சிறிது நேரத்தில் ஓரத்தில் ஒரு தோல் இறுகிச் சுருங்கி உள்ளே விலகுகிறது. அச்சோ சூடேறி வெளிப்புறம் விரிகிறது. இடையில் புகுவது காற்று.

அந்தச் சூட்டில் காற்றைவிட வார்ப்பிரும்பு ஏறத்தாழ 1000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதாவது 0.1 மில்லிமீற்றர் காற்று இடைவெளி, 100 மில்லிமீற்றர் இரும்புச் சுவருக்குச் சமமான தடை. நான் சேர்த்த இரும்பு எந்த மூலைக்கு?

மண் அச்சில் இந்தக் கவலை குறைவு. மணலே வெப்பத்தை மெதுவாகத்தான் விடும் என்பதால் இடைவெளி பெரிதாகத் தெரியாது. அழுத்த வார்ப்பில் உலோகத்தை அச்சோடு அழுத்திப் பிடிப்பதால் சீக்கிரம் இறுகுகிறது. அந்த இயந்திரம் நம்மைப் போன்ற பட்டறைகளுக்குக் கட்டாது.

கப்பியின் நடுத்துளைக்கு வைக்கும் இரும்பு உருளையில் கதை தலைகீழ். உலோகம் அதன்மேல் சுருங்கி இறுக்கிப் பிடிக்கிறது. இடைவெளியே இல்லை, வெப்பம் தாராளமாக இறங்கும். ஆகவே உருளையைச் சற்றுச் சாய்வாகக் கடைந்து, கப்பி இறுகிய கையோடு உருவிவிட வேண்டும். ஒருநாள் தேநீர் குடித்துவிட்டு வந்து உருவலாம் என்று போனேன். திரும்பி வந்து கப்பியை வாளால் அறுத்துத்தான் உருளையை மீட்டோம்.