தூத்துக்குடியில் இருந்து விலை குறைந்த மின்சாரக் கார் வந்தால் மதுரையில் இருப்பவர்கள் எதை எதிர்பார்க்கலாம்?

வீட்டில் ஐந்து பேர், இருப்பது மதுரை. தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்திருக்கும் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் சின்ன மின்சாரக் கார் வி.எஃப் 3 இந்தியாவுக்கும் வரும் என்கிறார்களே, 5 லட்சத்துக்குள் கிடைக்குமா, காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் ஆனையூரில் பழைய பெட்ரோல் காரை வைத்துக்கொண்டு இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

5 லட்சத்துக்கு வாய்ப்பே இல்லை. வியட்நாமிலேயே அந்தக் கார் பேட்டரியோடு அந்த நாட்டுப் பணத்தில் 30 கோடி டாங்கை ஒட்டித்தான் விற்கிறது. நம் பணத்தில் ஏறக்குறைய 10 லட்சம். ஆனால் அங்கே நம் கணக்குக்கு 23 லட்சம் வரும் இதே நிறுவனத்தின் பெரிய கார் வி.எஃப் 6-ஐ, 2025 செப்டம்பரில் இங்கே 16.49 லட்சத்தில் ஆரம்பித்தார்கள். அதே அளவு குறைத்தால் வி.எஃப் 3 இங்கே 7 லட்சம் பக்கம் வரும். இது நானாகப் போட்ட கணக்கு, நிறுவனம் சொன்னது இல்லை.

சரி, 7 லட்சத்துக்கே வந்தாலும் நம் வீடுகளுக்கு ஒத்துவருமா? கார் 3.2 மீட்டர்தான், சிம்மக்கல் சந்துகளில் சுலபமாகத் திரும்பும். ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவுதான், உட்காரும் இடம் நாலு. உங்கள் வீட்டில் ஐந்து பேர். என் அம்மாவுக்கு முழங்கால் வலி; முன் சீட்டை மடக்கிக் குனிந்து பின்னால் ஏறுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் தூரம். 18.64 கிலோவாட் மணி பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 210 கிலோமீட்டர் என்பது நிறுவனக் கணக்கு. மதுரை வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டினால் 150 கிடைக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். எங்கள் குலதெய்வக் கோயில் விளாத்திகுளம் பக்கம். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போய்த் திரும்ப 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். நடுவில் சார்ஜ் போடாமல் முடியாது. கோயிலுக்குப் பக்கத்தில் எர்த் சரியாக உள்ள ஒரு பவர் பிளக் கிடைத்தாலும், பேட்டரி நிறைய ஆறு ஏழு மணி நேரம் பிடிக்கும். பொங்கல் வைத்து, சாப்பிட்டு, சாயங்காலம் கிளம்புகிறவர்களுக்குச் சரிப்படலாம். அவசரமாகத் திரும்ப வேண்டிய நாளில் என்ன செய்வது?

செலவைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பெட்ரோலுக்கு 6,500 ரூபாய்க்கு மேல் போகிறது. மின்சாரக் காருக்கு இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 100-க்கு மேல் 200 வரை உள்ள யூனிட்டின் விலையே 2.35 ரூபாயில் இருந்து 4.70 ரூபாய் ஆகிவிடும். எங்கள் வீட்டில் 420 யூனிட் ஓடுகிறது. காரையும் சேர்த்தால் 700. அந்தக் கட்டணப்படி பில் 1,300-இல் இருந்து 3,800-க்குப் போகும். அப்படியும் மாதத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்தான். உங்கள் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்து இதைப் போட்டுப் பாருங்கள்.

அதனால் நான் காத்திருப்பது இதே நிறுவனத்தின் கொஞ்சம் பெரிய காரான வி.எஃப் 5-க்கு. நாலு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், 37 கிலோவாட் மணி பேட்டரி. குலதெய்வக் கோயிலுக்குப் போய்த் திரும்ப ஓரளவு தாங்கும். வி.எஃப் 3-க்குப் போட்ட அதே விகிதத்தில் வியட்நாம் விலையைக் குறைத்துப் பார்த்தால் விலை 12 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் டாடா, டியாகோ மின்காரை 2022-லேயே 8.49 லட்சத்துக்கும் பஞ்ச் மின்காரை 2024-இல் 10.99 லட்சத்துக்கும் இறக்கிவிட்டது. வின்ஃபாஸ்ட்காரர்களும் 10 லட்சம் பக்கம் வராமல் இங்கே விற்க முடியாது.

2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய தூத்துக்குடி தொழிற்சாலையை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம். அந்த வேகத்தை சர்வீஸிலும் காட்ட வேண்டும். உதிரிபாகத்துக்காக வண்டி மாதக்கணக்கில் நிற்காது என்று தெரிந்தால்தான் முன்பணம் கட்டுவேன். ஷோரூமுக்கு வி.எஃப் 5 வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பார்க்கப்போகிறேன்.