பேட்ச் வந்தால் பிழை போகும், உங்கள் சாட்சியமும் போகும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். மகனுக்காக ஆன்லைன் கடை ஒன்றில் 4,999 ரூபாய் கொடுத்து ஒரு பிசி கேமை முன்பதிவு செய்தேன். வெளியான நாளிலிருந்தே பாதி ஆட்டத்தில் நின்றுபோகிறது. சேமித்த ஆட்டம் இரண்டு முறை அழிந்தது. ‘அடுத்த பேட்ச்சில் (பிழை திருத்தும் அப்டேட்டில்) சரியாகிவிடும்’ என்று சொல்லியே நான்கு மாதம் கடத்திவிட்டார்கள். இப்போது ரீஃபண்ட் கேட்டால் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். விளம்பரத்தில் காட்டியதில் பாதிகூட கேமில் இல்லை. மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா? கார்டு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது, கேட்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: மகனின் ஏமாற்றத்தையும் கஸ்டமர் கேர் பேசிய விதத்தையும் மனுவில் இரண்டு வரியில் முடித்துவிடுங்கள். நுகர்வோர் ஆணையம் பார்க்கப்போவது ஒன்றைத்தான். நீங்கள் பணம் கட்டியபோது கடைப் பக்கம் என்ன சொன்னது, உங்கள் கணினியில் இறங்கிய முதல் பதிப்பு என்ன செய்தது? பின்னால் வந்த பேட்ச் அந்தக் குறையை இல்லை என்று ஆக்கிவிடாது. அந்தப் பக்கத்தில் ‘ஏர்லி ஆக்சஸ்’ என்று போட்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்தால், இன்னும் உருவாக்கி முடிக்காத கேம் என்று தெரிந்தே வாங்கியதாகிவிடும். வழக்கை மறந்துவிடுங்கள்.

விளம்பரப் புகாரை முதன்மையாக வைக்காதீர்கள். ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேமின் விளம்பரம் மீது வந்த புகார்களை பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2016இல் ஏற்கவில்லை. அந்த முடிவு இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும் எதிர்த்தரப்பு அதை இங்கேயும் எடுத்துக்காட்டும். ‘ஆடும்போது நின்றுபோகிறது’ என்பதை நிரூபிப்பது அதைவிட எளிது.

ஆனால் அந்த நிரூபணத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன. ‘சைபர்பங்க் 2077’ வெளியானது 2020 டிசம்பர் 10. ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு ரீஃபண்ட் கொடுத்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்த பிறகு அதை முதன்முதலாக ஆடும் ஒருவரிடம் பழைய நிலையைச் சொன்னால் நம்புவாரா? உங்கள் வழக்கு விசாரணைக்கு வரும்போது ஆணையத்தின் முன் இருக்கப்போவதும் சரிசெய்யப்பட்ட கேம்தான். சோதித்தால்தான் தெரியும் என்கிற குறையை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழி சொல்கிறது. முதல் பதிப்பே கையில் இல்லாதபோது எதை அனுப்புவீர்கள்?

ஆகவே இன்றே தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். கேமின் பில்டு எண் (பதிப்பு எண்) தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கணினியில் நடந்த பிழைகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வ்யூவரில் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்து, 1000 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்கு நின்றது என்பது அதில் இருக்கும். அந்தப் பதிவேடு இயல்பில் 20 எம்பி அளவுதான், நிரம்பியதும் பழையது அழிந்துவிடும். முழுவதையும் இப்போதே தனிக் கோப்பாகச் சேமியுங்கள். கூடவே கணினியின் திறன் விவரங்களைத் தரும் விண்டோஸின் டிஎக்ஸ்டயாக் அறிக்கையும் வேண்டும். ‘உங்கள் கணினிக்குத் திறன் போதாது’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் பதிலாக இருக்கும். எதைத் தாக்கல் செய்தாலும் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு செய்யுங்கள்.

அடுத்த ஆபத்து, மகன் ஆடிய மணிக்கணக்கு. பிசி கேம் கடையான ஸ்டீமில் ரீஃபண்டுக்கான பொது விதி வாங்கி 14 நாள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். மற்ற கடைகளுக்கும் இப்படி ஒரு வரம்பு இருக்கும். நான்கு மாதத்தில் 60 மணி நேரம் ஆடியிருந்தால், ‘முழுதாக அனுபவித்துவிட்டுப் பணம் கேட்கிறார்’ என்பார்கள். இன்றோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பேட்ச் வரும் என்ற வாக்குறுதியால் வழக்குப் போடுவதற்கான 2 வருடக் காலவரம்பும் நீளாது. கடிதப் போக்குவரத்து அதை நிறுத்திவைக்காது.

சார்ஜ்பேக் வேண்டவே வேண்டாம். வங்கி பணத்தைத் திருப்பித் தரக்கூடும். உடனே கடை உங்கள் கணக்கை முடக்கும். அதற்கு அனுமதிக்கும் வரி ஒப்பந்தத்திலேயே இருக்கும். மகன் இத்தனை வருடம் வாங்கிய மற்ற கேம்களும் அந்தக் கணக்கோடு போய்விடும். 4,999 ரூபாயை மீட்கப் போய் அதைப்போல் பல மடங்கை இழப்பீர்கள். ‘அந்த ஒப்பந்தமே நியாயமற்றது’ என்று வாதாட நினைத்தால் மாவட்ட ஆணையத்தில் முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அது வீண் அலைச்சல்.

5 லட்சம் கேட்பதால் வழக்குக் கட்டணம் அதிகமாகாது. அது நீங்கள் செலுத்திய விலையை வைத்துத்தான். ஆனாலும் கேட்காதீர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் எதிர்த்தரப்பு சமரசக் கதவை மூடிவிடும். இன்வாய்ஸில் விற்பனையாளராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் அலுவலகமே இல்லாத அமெரிக்க நிறுவனம் என்றால், சாந்திநகரில் உள்ள மாவட்ட ஆணையத்தில் உத்தரவு வாங்குவீர்கள், அதை நிறைவேற்ற ஆள் கிடைக்காது. இந்தியத் துணை நிறுவனமோ இங்குள்ள கடையோ இன்வாய்ஸில் இருந்தால், அவர்களைத்தான் முதல் எதிர்த்தரப்பாக்க வேண்டும்.

என் முடிவு, சமரசம் செய்யுங்கள். மின்வணிக விதிகள் 2020இன்படி கடையின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவருக்குப் பில்டு எண், நின்றுபோன தேதிகள், ரீஃபண்ட் மறுத்த மின்னஞ்சல் மூன்றையும் இணைத்து, 4,999 ரூபாய் மட்டும் கேட்டு எழுதுங்கள். மறுத்தால் மனு போடுங்கள். ஆணையம் முதல் நாளில் மத்தியஸ்தத்துக்குச் சம்மதம் கேட்டால் உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வங்கிக் கணக்குக்குப் பணம் வந்தால் நல்லது, கடையின் வாலட்டில் தந்தாலும் வாங்கிக்கொள்ளலாம், மகன் எப்படியும் அங்கேதான் வாங்குவான். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: இந்தக் கேமின் லைசென்ஸ் மட்டுமே ரத்தாகும், கணக்கும் மற்ற கேம்களும் அப்படியே இருக்கும்.