மேய்ச்சல் தரை மரங்களை வெட்டலாமா?

வணக்கம். மூதூர்ப் பக்கம் உங்கள் மேய்ச்சல் தரையில் மரங்களுக்குக் கீழே புல் இல்லை, எல்லாவற்றையும் வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நிழல் அடர்ந்தால் புல் மெலியும், உண்மைதான். ஆனால் மரமே இல்லாத வெளியில் கடும் வெயிலைத் தாங்கும் சில வகைகள்தான் மிஞ்சும். மரங்கள் ஐதாக நின்றால் வெயிலில் ஒரு கூட்டம், நிழலில் ஒரு கூட்டம், ஓரத்தில் இன்னொன்று என்று செடிவகை கூடும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வேம்பின் நிழலோரத்தைப் பாருங்கள். வெளியில் புல் கருகிய பிறகும் அங்கே பச்சை கொஞ்சம் நிற்கும்.

மரத்தடி வெறுமையாகக் கிடக்க மாடுகளும் காரணமாக இருக்கலாம். பகல் முழுக்க ஒரே புளியடியில் அடைந்தால் குளம்பு பட்டு மண் இறுகி, விழுந்த விதைகூட முளைக்காது. தண்ணீர்த் தொட்டியை மரத்தடியிலிருந்து தள்ளி வையுங்கள். ஐப்பசி மழையோடு ஒரு மூலையை அடைத்து, புல் பூத்து விதை கொட்டும்வரை மாட்டை விடாதீர்கள். அப்புறம், நெருக்கமான இடத்தில் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழியுங்கள். நாயுண்ணிச் செடி இருந்தால் அதை வேரோடு பிடுங்குங்கள். மாட்டுக்கு நஞ்சு, புல்லையும் அமுக்கிவிடும்.